மாற்று வழி: இல்லை

என் அலமாரியில் பச்சை அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று இருக்கிறது. அதில் நாற்பத்து நான்கு பதிவுகள். அந்த நோட்டை வைத்துக்கொண்டு என் பணிக்காலத்தில் இரண்டு பெரிய தவறுகள் செய்தேன். முதலாவது, எழுதியதால் வந்தது. இரண்டாவது, எழுத மறுத்ததால் வந்தது. இரண்டிலும் அடிபட்டது ஸ்டெல்லா என்ற பெண்.

நீங்கள் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். நிரல் எழுதுவதைப் பற்றி என்னிடம் கற்றுக்கொள்ள இனி எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த கருவிகள் எல்லாம் காலாவதியாகிவிட்டன. ஆனால் நீங்களும் என்னைப்போலவே வேறொருவர் கட்டிய வீட்டுக்குள் உட்கார்ந்துதான் வேலை செய்யப்போகிறீர்கள். அதனால் இதைச் சொல்கிறேன். தினமும் நாட்குறிப்பு எழுதியவன் என்பதால் அன்றைய பேச்சுகளைக்கூட ஏறக்குறைய அப்படியே தர முடிகிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. முதலாளியையும் சேர்த்து ஐந்து பேர். நாங்கள் செய்தது ஒரே ஒரு பொருள்: கண் தெரியாதவர்களுக்குக் கணினித் திரையை வாய்விட்டுப் படித்துக் காட்டும் மென்பொருள். திரைக்குப் போகிற எழுத்துகளை வழியிலேயே பிடித்து, குரலாக மாற்றி, ஹெட்போனில் சொல்ல வேண்டும்.

அந்த எழுத்துகளைப் பிடிக்க முறையான வழி கிடையாது. கணினி எந்த இயங்குதளத்தில் ஓடியதோ அதைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனி அப்படியொரு வழியை வெளியில் சொல்லவில்லை. பெங்களூரில் வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரை ஓனர் என்பார்கள். நாங்களும் அந்தக் கம்பெனியை ஆபீசில் ஓனர் என்றே சொன்னோம். ஓனர் எந்தப் புத்தகத்திலும் எழுதாமல் விட்டிருந்த உள்வழிகளை நாங்களே தட்டித் தடவிக் கண்டுபிடித்தோம். கண்டுபிடித்த ஒவ்வொன்றையும் பச்சை நோட்டில் பதிவது என் பொறுப்பு. யாரும் கொடுத்த பொறுப்பு அல்ல, நானே எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு பதிவிலும் ஐந்து கட்டங்கள்: வழி என்ன, எந்தப் பதிப்பில் இருக்கிறது, எதற்குப் பயன்படுகிறது, மூடினால் என்ன ஆகும், மாற்று வழி. கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ குறித்திருப்பேன். ஒன்பது பதிவுகளில் மட்டும் “இல்லை” என்று எழுதியிருந்தேன்.

ஸ்டெல்லா எங்கள் முதல் பயனாளி. வீடு நீலசந்திராவில். பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. கலாசிபாளையத்தில் ஒரு லாரி பார்சல் ஆபீசில் விசாரணை மேசையில் இருந்தாள். இடது காதில் எங்கள் ஹெட்போன், வலது காதில் டெலிபோன். வாடிக்கையாளர் ரசீது எண்ணைச் சொல்லச் சொல்ல விரல் தட்டும். இடது காதில் எங்கள் குரல் “சேலம், ரீச்ட்” என்று சொல்லி முடிக்கும் முன்பே, “உங்க பார்சல் சேலத்துக்கு வந்துடுச்சு சார், சாயங்காலம் ஆளனுப்பி எடுத்துக்குங்க” என்று பதில் போய்விடும். ஆபீசில் கண் தெரிந்த இரண்டு பேர் அதே வேலையில் இருந்தார்கள். அவர்களைவிட இவள் வேகம்.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து, புதிய பதிப்பைச் சோதித்துச் சொல்ல எங்கள் மாடிக்கு வருவாள். எங்கள் மென்பொருளின் குரலுக்கு அவள் வைத்த பெயர் மாமா. “உங்க மாமாவுக்கு இன்னும் சளி போகல. ஆவி பிடிக்கச் சொல்லுங்க” என்பாள். எனக்கு வைத்த பெயர் நோட்டு சார். நான் பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டாலே, “ஆயித்து, எழுத ஆரம்பிச்சாச்சு” என்று கன்னடம் கலந்து சிரிப்பாள்.

ஒருநாள் முதலாளி அவளிடம், இந்த வேலை பிடித்திருக்கிறதா என்று சும்மா கேட்டார். “ஸ்கூல் முடிச்சதும் ரெண்டு வழி சொன்னாங்க சார். ஒண்ணு நாற்காலி பின்றது, இன்னொண்ணு எஸ்.டி.டி. பூத். மூணாவதா ஒண்ணு இருக்குன்னு யாருமே சொல்லல. நானா தேடி வந்தது இது. விட மாட்டேன்” என்றாள். இதை அன்றே எழுதி வைத்தேன். எழுதும்போது மகிழ்ச்சியாக இருந்தது.

ஓனர் அடுத்த பெரிய பதிப்பைக் கொண்டுவரப்போவதாகச் செய்தி வந்தது. சோதனைக்கான வட்டு ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் கைக்கு வந்தது. போட்டுப் பார்த்தோம். மாமா ஆறு இடங்களில் ஊமையாகிவிட்டார். இனி விற்கும் கணினிகள் எல்லாம் புதிய பதிப்போடுதான் வரும். இரண்டு பார்வையற்றோர் பள்ளிகள் எங்களிடம் வாங்குவதாகச் சொல்லியிருந்தன. ஸ்டெல்லாவின் ஆபீசும் கணினிகளை மாற்றப்போவதாகப் பேச்சு.

ஓனரின் பெங்களூர் ஆபீசுக்குக் கடிதம் எழுதினேன். பதினோராம் நாள் ஒருவர் வந்தார். தினேஷ் என்று பெயர், சென்னைக்காரர், முப்பது வயது இருக்கும். எங்களைப்போல வெளியிலிருந்து மென்பொருள் எழுதுபவர்களுக்கு உதவுவதுதான் அவர் உத்தியோகம். செருப்பை வெளியில் விட்டுவிட்டு வந்தார். ஸ்டெல்லா வேலை செய்வதை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டுப் பார்சல் ஆபீசுக்கே போய் வந்தார். திரும்பியபோது அவர் முகம் மாறியிருந்தது.

“சார், சும்மா சொல்லல, எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு” என்றார். “நீங்க யூஸ் பண்ற வழி எல்லாத்தையும் ஒரு லிஸ்டா எழுதிக் கொடுங்க. அங்க இதுக்குன்னே ஒரு டீம் இருக்கு. எது உடையக் கூடாதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சாத்தானே பாதுகாப்பாங்க?”

அவர் பொய் சொல்லவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னதை அவர் முழுமையாக நம்பினார்.

அவர் போனதும் முதலாளி நாற்காலியை என் மேசைக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் முன்பு டெலிபோன் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் இருந்தவர். பெரிய இடங்களின் நடைமுறை தெரிந்தவர்.

“ஏம்ப்பா, ஆறு எடத்துலதானே வலி? அந்த ஆற மட்டும் சொல்லு.”

“நாளைக்கு ஏழாவது உடைஞ்சா சார்?”

“உடைஞ்சா அப்ப சொல்லலாம். டாக்டர்கிட்ட போனா வலிக்கிற எடத்தக் காட்டுவியா, எங்கெங்க கத்தி வச்சா உயிர் போகும்னு காட்டுவியா?”

“அரைகுறையா ரிப்போர்ட் கொடுக்கிறது நேர்மை இல்ல சார். உதவுறேன்னு வந்திருக்காங்க.”

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். பிறகு, “உன் நோட்டு, உன் இஷ்டம். நான் குறுக்க நிக்க மாட்டேன்” என்று எழுந்தார்.

அந்தச் சனிக்கிழமை ஸ்டெல்லாவிடமும் சொன்னேன். அவள் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். “அந்த நோட்டக் கொடுத்துட்டா அப்புறம் நம்ம கைல என்ன இருக்கும் நோட்டு சார்?”

“நோட்டு நம்மகிட்டதாம்மா இருக்கும். நகல்தான் போகுது.”

“அதுதான் கேட்டேன்” என்றாள். அவள் கேட்டது எனக்கு அன்று புரியவில்லை.

நான்கு நாள் உட்கார்ந்து முப்பத்தொரு பக்க அறிக்கை தயாரித்தேன். நாற்பத்து மூன்று வழிகள், ஐந்து கட்டங்கள். மூடினால் என்ன ஆகும் என்பதையும், மாற்று வழி இருக்கிறதா என்பதையும் விடவில்லை. அந்த இரண்டு கட்டங்களும் எங்களுக்காக எழுதியவை, வெளியாருக்குத் தேவையில்லாதவை. முழுமையாக இருக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகச் சேர்த்தேன். “இல்லை” என்று முடியும் ஒன்பது பதிவுகளையும், கவனத்தில் படட்டும் என்று அடிக்கோடிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அடுத்த சோதனை வட்டு வந்தது. ஊமையான ஆறு இடங்களிலும் மாமா பேசினார். கூடவே நன்றிக் கடிதம். எங்கள் அறிக்கையைப்போல ஒழுங்கான அறிக்கை இதுவரை வந்ததில்லை என்று எழுதியிருந்தார்கள். முதலாளி கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, “நாந்தான்ப்பா தப்பா நினைச்சுட்டேன்” என்றார். கீழே இறங்கி பேக்கரியில் எல்லோருக்கும் காராபன் வாங்கி வந்தோம். ஸ்டெல்லா, “மாமாவுக்கும் ஒண்ணு வைங்க” என்றாள்.

கடைக்கு வந்த இறுதிப் பதிப்பில் அந்த ஆறு வழிகள் திறந்திருந்தன. அடிக்கோடிட்ட ஒன்பதும் மூடியிருந்தன.

எட்டு இல்லை, பத்து இல்லை, ஒன்பது. மாமா தொடங்கும்போது ஒரு வணக்கம் சொல்வார், அதோடு சரி. நான் நோட்டைத் திறந்து வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன். முதல் ஐந்தைச் சோதித்த பிறகு மற்ற நான்கின் முடிவு தெரிந்துவிட்டது. இருந்தாலும் சோதித்து எழுதினேன்.

தினேஷுக்குப் போன் செய்தேன்.

“சார், நானே கூப்பிடணும்னு இருந்தேன். உங்க ரிப்போர்ட் அங்க ரொம்ப ஃபேமஸ் சார். செக்யூரிட்டி டீம் அத பிரிண்ட் எடுத்து வச்சுதான் வேலையவே ஆரம்பிச்சாங்களாம்.”

“நான் எழுதினது கம்பாட்டிபிலிட்டி டீமுக்கு. எதுவும் உடையாமப் பாத்துக்கறவங்களுக்கு.”

“அதே ஃபுளோர்தான் சார்.” பிறகுதான் என் குரல் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். “ஏன் சார்? எதாவது உடைஞ்சுடுச்சா?”

அவருக்கே தெரியாது. வெளியார் நிரல் திரைக்குப் போகும் எழுத்தை இடையில் பிடிப்பது ஆபத்து என்று ஒரு குழு நினைத்திருக்கிறது. அந்த நினைப்பில் நியாயமும் உண்டு. எங்கே பிடிக்கலாம் என்று ஒருவன் அடிக்கோடிட்டு எழுதிக் கொடுத்திருக்கிறான். மூடினார்கள். எங்களை ஒழிக்கவேண்டும் என்று திட்டமிட்டார்களா என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். திட்டம் தேவையே இல்லை என்பதுதான் இப்போது என் முடிவு. அவ்வளவு பெரிய இடத்தில் கதவை மூடுகிற கைக்கு, கதவிடுக்கில் யார் விரல் இருக்கிறது என்று தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

அதே பதிப்பில் ஓனரே ஒரு படிக்கும் மென்பொருளை இலவசமாகச் சேர்த்திருந்தார். திரையில் வரும் ஓனரின் சொந்தச் சன்னல்களை அது நன்றாகவே படித்தது. பார்சல் ஆபீசில் ஓடிய நிரல் சிக்பேட்டையில் யாரோ பழைய முறையில் எழுதியது. அதன் முன்னால் உட்கார்ந்தால் “விண்டோ, விண்டோ” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் வாங்குகிறவர்களுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. “அதான் கூடவே வருதே சார், தனியா எதுக்கு வாங்கணும்?” என்று இரண்டு பள்ளிகளும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக் கையை விரித்தன. ஐந்து பேர் மூவர் ஆனோம். பிறகு நானும் முதலாளியும் மட்டும்.

பார்சல் ஆபீசில் புதிய கணினிகள் வந்தன. முதல் நாள் காலை ஸ்டெல்லாவின் மேசையில் டெலிபோன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுத்து, “ஒரு நிமிஷம் சார், ஒரு நிமிஷம் சார்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். மேனேஜர் நல்ல மனிதர். ஒரு பழைய கணினியை அவளுக்காகத் தனியாக வைத்துக்கொடுத்தார். ஆனால் மற்ற ஊர்க் கிளைகளோடு அதை இணைக்க முடியவில்லை. அதில் இருந்ததெல்லாம் முந்தின நாள் விவரம். வந்து சேர்ந்த பார்சலை வரவில்லை என்று சொல்லத் தொடங்கினாள். “இன்னும் மூணு மாசம் பாக்கறேன்” என்றார் மேனேஜர்.

அந்த மூன்று மாதத்தில் நான் கண்டுபிடித்ததுதான் நாற்பத்து நான்காவது வழி. மூடிய ஒன்பதில் எதையும் தொடாமல், அச்சடிக்கும் பகுதிக்குப் போகும் பாதையில் எழுத்துகளைப் பிடித்தேன். சுற்றுவழி, மாமா கொஞ்சம் தாமதமாகப் பேசுவார். ஆனால் பேசினார். ஸ்டெல்லாவின் மேசையில் போட்டுக்காட்டியபோது அவள் ஐந்து ரசீது எண்களைத் தட்டிக் கேட்டாள். “வயசாயிடுச்சு மாமாவுக்கு. ஸ்வல்ப நிதானமாப் பேசறார். பரவாயில்ல, நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கறேன்” என்றாள். ஆறாவது எண்ணைத் தட்டினாள்.

மேனேஜர் எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“நோடி சார், எனக்கு சந்தோஷம். ஆனா மேல ஹெட் ஆபீஸ்ல போன தடவையே என்னைத் திட்டிட்டாங்க. இந்த தடவ பேப்பர் வேணுமாம். இனிமே அப்டேட் வந்தாலும் இது வேலை செய்யும்னு கம்பெனி லெட்டர்ஹெட்ல ஒரு வரி, ஒரு கையெழுத்து. அவ்ளோதான். அத வச்சுட்டு நான் பாத்துக்கறேன்.”

லெட்டர்ஹெட் என் பையில் இருந்தது. கிளம்பும்போதே முதலாளி, “என்ன கேட்டாலும் எழுதி, உன் கையெழுத்துப் போட்டுட்டு வா. நாளைக்கு மூடினா நாளைக்குப் பாத்துக்கலாம்” என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

பேனாவைத் திறந்தேன். இனி வரும் பதிப்புகளிலும் வேலை செய்யும் என்று நான் எப்படிச் சொல்வது? வீடு ஓனருடையது. எந்தச் சுவரை எப்போது எழுப்புவார் என்று எனக்குத் தெரியாது. ஒருமுறை நம்பிக் கெட்டாயிற்று. இனி உறுதியாகத் தெரிந்ததை மட்டுமே எழுதுவது என்று தீர்மானம் செய்திருந்தேன். இன்றைய நிலவரப்படி வேலை செய்கிறது, எதிர்கால மாற்றங்களுக்கு உத்தரவாதம் தர இயலாது என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

மேனேஜர் படித்தார். ஸ்டெல்லா கேட்கட்டும் என்று வாய்விட்டும் ஒருமுறை படித்தார். “இத மேல காட்டினா மொதல்ல என்னைத்தான் கேப்பாங்க” என்றார்.

ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினாள். “மாத்தி எழுதுங்க சார். ஒரு வரிதானே.”

“தெரியாதத எப்படிம்மா எழுதறது?”

“அவங்களுக்கு நாப்பத்து மூணு எழுதினீங்க. எனக்கு ஒண்ணு எழுத மாட்டீங்களா?”

நான் எழுதவில்லை. அன்றைய நாட்குறிப்பில் அதற்கு நேர்மை என்று பெயர் வைத்திருக்கிறேன். எழுத்து தெளிவாக, அடித்தல் இல்லாமல் இருக்கிறது.

அடுத்த மாதம் ஸ்டெல்லாவைக் கிடங்குக்கு மாற்றினார்கள். மூட்டைகளில் அட்டையைக் கோத்துக் கயிறு கட்டும் வேலை. அதற்குக் கண் வேண்டியதில்லை, டெலிபோனும் இல்லை. “நாற்காலி பின்ன மாட்டேன்னேன். இதுவும் அதே கைவேலதான்” என்று முதலாளியிடம் சொன்னாளாம். சனிக்கிழமைகளில் வருவது நின்றது. வருடம் முடிவதற்குள் எங்கள் மாடியும் காலியானது. நான் ஒரு பெரிய கம்பெனியில் சேர்ந்தேன். ஆயிரம் பேரில் ஒருவன்.

பழைய கணினி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். ஓனர் ஒவ்வொரு புதுத் திருத்தம் வெளியிடும்போதும், ஞாயிற்றுக்கிழமை காலையில் அதில் ஏற்றி நாற்பத்து நான்காவது வழியைச் சோதிப்பேன். என்றைக்காவது மூடியிருக்கும், என் கடிதம் சரி என்று நிரூபணமாகும் என்று காத்திருந்தேன் என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. பதிவுக்கு எதிரே தேதியைப் போட்டு “திறந்திருக்கிறது” என்று எழுதுவேன். இரண்டாயிரம் பிறந்தது, பிறகும் எழுதினேன். அந்தப் பக்கம் நிறைந்து அடுத்த பக்கத்துக்குப் போயிற்று. அந்த ஒரு வழியை நான் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. அதனால் யாருக்கும் அதை மூடத் தோன்றவில்லை.

பெரிய இடத்துக்குக் கேட்டதற்கு மேல் எழுதிக் கொடுக்காதீர்கள் என்று சொன்னால் நீங்கள் எளிதாகப் புரிந்துகொள்வீர்கள். அடுத்ததைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம். ஓனர் என்ன செய்வார் என்ற பயத்தை ஓனரிடம் காட்ட முடியாமல், நம்மை நம்பி நிற்கிறவர் பக்கம் தள்ளிவிடுகிறோம். நான் தள்ளினேன். நாளை மூடினால் நானும் சேர்ந்து அவமானப்படுகிறேன் என்று துணிந்து, அந்த ஒரு வரியை எழுதியிருக்க வேண்டும். அந்த வரியின் பொருள் அவ்வளவுதான். அதை அன்று நான் தொழில்நுட்ப வாக்கியமாகப் படித்தேன்.

சில வருடம் கழித்து, நீலசந்திரா பஸ் நிறுத்தத்தில் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். மாலை ஐந்தே கால். கிடங்கு வேலை முடிந்து வந்து இறங்கியிருந்தாள். விரல் நுனிகளில் கயிறு அறுத்த கோடுகள். பேசலாமா, ஒதுங்கிப் போகலாமா என்று நின்றேன். பக்கத்திலிருந்தவரிடம் மணி கேட்டேன். என் குரல் அவளுக்குப் போதுமாக இருந்தது.

“நோட்டு சார்!”

“எப்படிம்மா இருக்க?”

“இருக்கேன் சார். மாமா எப்படி இருக்கார்? சளி போச்சா?”

சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு கேட்டாள்: “ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா சார். கடைசியா ஒரு வழி கண்டுபிடிச்சீங்களே. அதையும் மூடிட்டாங்களா?”

அவள் முகம் என் பக்கம் நிமிர்ந்திருந்தது. ஒரு பஸ் வந்து நின்று போகும்வரை எனக்கு அவகாசம் இருந்தது.

“மூடிட்டாங்கம்மா” என்றேன். “அடுத்த அப்டேட்லயே.”

அவள் மூச்சை விட்டாள். தடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, என் கையைத் தேடித் தட்டிக்கொடுத்தாள். “அப்ப நீங்க எழுதிக் கொடுக்காததே நல்லது சார். உங்க பேராவது கெடாம இருந்துச்சு.”

வீட்டுக்கு வந்தேன். அந்த வாரம் புதுத் திருத்தம் ஒன்று வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்காமல் ஏற்றிச் சோதித்தேன். பச்சை நோட்டைத் திறந்து தேதியைப் போட்டேன். திறந்திருக்கிறது.